கேசட்டும் குறுந்தகடும்

நின்டெண்டோவும் சோனியும் முதலில் கூட்டாளிகள். நின்டெண்டோவின் சூப்பர் ஃபேமிகாம் வீடியோ கேம் கருவியோடு குறுந்தகடு இயக்கியைச் சேர்ப்பது அவர்கள் திட்டம். 1991 ஜூனில் சிகாகோ கண்காட்சியில் சோனி அதை அறிவித்தது. மறுநாளே பிலிப்ஸுடன் சேரப்போவதாக நின்டெண்டோ அறிவித்தது. கைவிடப்பட்ட சோனி, பொறியாளர் கென் குதராகியின் பிடிவாதத்தால் தனியாகக் களமிறங்கியது. 1994 டிசம்பர் 3 அன்று ஜப்பானில் பிளேஸ்டேஷன் விற்பனைக்கு வந்தது. நின்டெண்டோ 64 வருவதற்கு 1996 ஜூன் ஆயிற்று. அப்போதும் அதில் கேசட்தான்.

கேசட் என்பது நம்மூர்ப் பெயர். நின்டெண்டோவின் முந்தைய கருவியான ஃபேமிகாமின் நகல்களே இங்கு ‘டிவி கேம்’ என்று விற்றன. படம் ஓடாவிட்டால் மஞ்சள் கேசட்டை உருவி, அடியில் தெரியும் உலோகப் பற்களில் ‘பூ’ என்று ஊதி, மறுபடி சொருகியவர்கள் செங்கல்பட்டு முதல் குமரி வரை உண்டு. உண்மையில் ஊதியதால் பயனில்லை. எடுத்துச் சொருகியதில்தான் தொடர்பு சரியானது. வாயின் ஈரம் பற்களை அரிக்கவே செய்தது.

பெயர் கேசட் என்றாலும் உள்ளே நாடா கிடையாது, ரோம் சில்லுதான். மாமல்லபுரத்துப் பாறையில் வெட்டிய எழுத்தைப் போல, ஆலையிலேயே விளையாட்டு அதில் பொறிக்கப்பட்டுவிடும். பிறகு மாற்ற வழியில்லை. படிக்கும் வேகம் அதிகம், கள்ள நகல் எடுப்பது கடினம். ஆகவே நின்டெண்டோவின் முடிவை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. 1996-இல் வந்த சூப்பர் மாரியோ 64-ஐ நீண்ட காத்திருப்பில்லாமல் ஆட முடிந்தது அந்தச் சில்லால்தான்.

சுமை விழுந்தது விளையாட்டு எழுதியவர்கள் மேல். கேசட்டுகளை நின்டெண்டோவிடம் பல வாரங்களுக்கு முன்பே ஆர்டர் செய்தாக வேண்டும். கூடுதலாக வாங்கினால் சரக்கு தேங்கும்; குறைத்து வாங்கினால், கேட்டு வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். குறுந்தகடோ மலிவு, தீர்ந்தால் விரைவில் மீண்டும் அச்சிடலாம். ஒரு தகட்டில் சுமார் 650 மெகாபைட் கொள்ளும். நின்டெண்டோ 64-இன் மிகப் பெரிய கேசட்டே 64 மெகாபைட்தான். சோனி, சி மொழியில் எழுதத் தோதான நிரல் தொகுப்புகளையும் கொடுத்தது. வீட்டிலிருந்து எழுதும் ஆர்வலர்களுக்கு நெட் யாரோஸ் என்ற கருப்பு பிளேஸ்டேஷனையே விற்றது.

பெரிய அடி ஸ்குவேர் நிறுவனத்தின் விலகல். 1987 முதல் ஃபைனல் ஃபேன்டசி விளையாட்டு வரிசையை நின்டெண்டோ கருவிகளுக்கே எழுதிவந்த அது, ஏழாம் பாகத்தை 1997 ஜனவரியில் பிளேஸ்டேஷனில் வெளியிட்டது. மூன்று குறுந்தகடுகள் நிறைந்த அந்தக் கதையும் காட்சிகளும் எந்தக் கேசட்டிலும் அடங்கியிருக்காது. டிராகன் குவெஸ்ட் என்ற இன்னொரு வரிசையின் ஏழாம் பாகமும் சோனி பக்கமே போயிற்று.

குறுந்தகடு மட்டுமே வெற்றி தந்துவிடவில்லை என்பதற்குச் சேகா நிறுவனத்தின் சாட்டர்ன் கருவி சாட்சி. அதிலும் குறுந்தகடுதான், ஆனால் இரட்டைச் செயலிகளுக்கு நிரல் எழுதுவது பெரும் பாடு. அது சுமார் 90 லட்சம் விற்றது. நின்டெண்டோ 64 ஏறக்குறைய 3.3 கோடி, பிளேஸ்டேஷன் 10 கோடிக்கு மேல். எழுதுபவருக்கு வழிவிட்ட கருவியே வென்றது.

இந்தியாவில் அந்த வழி தாமதமாகவே திறந்தது. ஹைதராபாதில் உருவான ‘ஹனுமான்: பாய் வாரியர்’ பிளேஸ்டேஷன் 2-இல் வந்தது 2009-இல். இணையப் பதிவிறக்கம் பரவியபின் சில்லும் தகடும் இல்லாமலேயே விளையாட்டு கடை ஏறியது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தைச் சமையல் வழியே சொல்லும் ‘வெண்பா’வை டொரொன்டோவின் விசை கேம்ஸ் என்ற சிறு குழு உருவாக்கியது. 2023 ஜூலை 31 அன்று அது நின்டெண்டோ, சோனி கருவிகள் இரண்டிலும் ஒரே நாளில் வெளியானது.