தேயாவும் கமேலியாவும்: அசாம் தேயிலை அடையாளம் பெற்ற வரலாறு

தேயிலைச் செடியின் இன்றைய அறிவியற்பெயர் கமேலியா சினென்சிஸ். மேல் அசாமின் காடுகளில் தானாக வளரும் பெரிய இலைச் செடி, அச்சிற்றினத்தின் ‘அசாமிகா’ வகையாகக் கொள்ளப்படுகிறது. 1820களில் அதே அசாம் செடி ‘கமேலியா’ என்று சொல்லப்பட்டபோது, அது தேயிலையன்று என்பதே அதன் பொருளாக இருந்தது. இந்த முரணைக் கொண்டு அன்றைய தாவரவியலாளரைப் பழிப்பதும் தவறு, அவரே சரியென்று வாதிடுவதும் தவறு.

லின்னேயஸ் 1753-இல் தேயா, கமேலியா என்னும் இரு பேரினங்களைத் தனித்தனியே நிறுவினார். ஜப்பானில் தேயிலையை நேரில் கண்ட கெம்ப்ஃபர் 1712-இல் வெளியிட்ட விவரணை அவருக்கு ஆதாரமாக இருந்தது. 1762-இல் அவர் தேயிலையை மேலும் இரண்டாகப் பிரித்தார்: ஆறு இதழுடையது தேயா போஹியா, ஒன்பது இதழுடையது தேயா விரிடிஸ். கறுப்புத் தேயிலையும் பச்சைத் தேயிலையும் வெவ்வேறு செடிகளிலிருந்து வருபவை என்ற வணிகர் நம்பிக்கைக்கு இப்பிரிவு தாவரவியல் முத்திரை குத்தியது. தேயிலைப் பூவில் இதழ்களின் எண்ணிக்கை ஒரே செடியிலும் மாறும். வேறுபாடு பதப்படுத்தும் முறையில்தான் உள்ளது என்பதை 1840களில் சீனத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்த ராபர்ட் ஃபார்ச்சூன் உறுதிசெய்தார்.

அசாமில் சிங்ஃபோ மக்கள் இச்செடியின் இலையை நெடுங்காலமாகப் பயன்படுத்திவந்தனர். 1823-இல் ஸ்காட்லாந்து வணிகர் ராபர்ட் புரூஸ் அவர்கள் வழியாகவே இதை அறிந்தார். சில ஆண்டுகளில் பிரிட்டிஷ் அதிகாரி டேவிட் ஸ்காட் மூலம் இலைகளும் விதைகளும் கல்கத்தா தாவரத் தோட்டத்தின் கண்காணிப்பாளர் நத்தேனியல் வாலிச்சிடம் சென்றன. அவர் அதைக் கமேலியா என்று தீர்மானித்தார். நேபாளத்தில் வளரும் கமேலியா கிஸ்ஸியை 1820-இல் விவரித்துப் பெயரிட்டவரே அவர்தான். இமயமலைப் பகுதியில் காட்டுக் கமேலியா உண்டு என்று நன்கறிந்த ஒருவர், அதையொத்த இலையைக் கண்டதும் அப்பெயரைச் சொன்னது வியப்பன்று. சிங்ஃபோ மக்களின் வழக்கம் சான்றாக எண்ணப்படாமல் போனதே பெரிய குறை.

இவ்விரு பேரினங்களுக்கும் அக்காலத்தில் எல்லை வகுத்தது காய். தேயிலைக் காய் மூன்று உருண்டை அறைகளாக ஆழமாகப் பிளவுபட்டிருக்கும். கமேலியாவின் காயில் அப்பிளவு மேலோட்டமானது. 1834-இல் பிரிட்டிஷ் அதிகாரிகளான ஜென்கின்ஸும் சார்ல்டனும் மேல் அசாமிலிருந்து அனுப்பிய மாதிரிகளில் காய்களும் இருந்தன. வாலிச்சும் உடன்பட, அவ்வாண்டு டிசம்பர் 24-இல், இந்தியாவில் தேயிலை பயிரிடுவது பற்றி ஆராய அரசு அமைத்த தேயிலைக் குழு இது மேல் அசாமின் சொந்தச் செடியே என்று அரசுக்கு அறிவித்தது. அதற்குள் சீன விதை தேடி ஆள் அனுப்பப்பட்டுவிட்டது. அவ்விதையில் எழுந்த நாற்றுகள் அசாமுக்கும் வந்து உள்ளூர்ச் செடியோடு கலந்தன.

தேயாவுக்கும் கமேலியாவுக்கும் இடையிலான அந்த எல்லையோ நிலைக்கவில்லை. ராபர்ட் ஸ்வீட் 1818-இலேயே இரு பேரினங்களையும் கமேலியா என்ற பெயரில் இணைத்திருந்தார். கமேலியா சினென்சிஸ் என்ற பெயர்ச் சேர்க்கையை ஓட்டோ குன்ட்ஸே 1887-இல் வெளியிட்டார். ஆயினும் இதனால் வாலிச்சின் தீர்ப்பு சரியாகிவிடாது. அன்று அவர்முன் இருந்த கேள்வி, சீனர் பயன்படுத்தும் செடியும் இதுவும் ஒன்றா என்பது. பேரினத்தின் எல்லையை எங்கே வரைவது என்பது வகைப்பாட்டு முடிவு. ஒரு மாதிரி எந்தச் செடியைச் சேர்ந்தது என்பது உண்மை பற்றிய தீர்ப்பு. முன்னது மாறியதால் பின்னதன் பிழை நீங்காது.

ஜே. டபிள்யூ. மாஸ்டர்ஸ் 1844-இல் அசாம் செடிக்குத் தேயா அசாமிகா என்று தனிச் சிற்றினப் பெயரிட்டார். கிடமுரா 1950-இல் அதைச் சினென்சிஸின் வகையாக்கினார். சீனாவின் யுன்னான் பகுதியிலுள்ள பெரிய இலைச் செடிகளும் இதே வகைக்குள் அடக்கப்படுகின்றன. அண்மைய மரபணு ஆய்வுகளோ அசாம் செடியும் யுன்னான் செடியும் வெவ்வேறு மரபுவழிகளைச் சேர்ந்தவை என்று காட்டுகின்றன. ஆகவே ‘அசாமிகா’ என்ற பெயருக்குள்ளும் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் அடங்கியிருக்க இடமுண்டு.