அரிசி உண்ணும் ஊரில் ஆறாத குடல்

விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். சுற்றிலும் நெல்லும் நிலக்கடலையும் முந்திரியும் விளைகின்றன. இப்படியோர் ஊரில் ஒருவருக்குச் சீலியாக் நோய், அதாவது கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைக் கெடுக்கும் நோய், என்று முடிவாகிறது. கோதுமையை ஒதுக்கி ஓராண்டு கடந்தும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, எடை ஏறவில்லை. அவர் முதலில் கேட்கும் சொல், "எங்கோ கோதுமை சாப்பிட்டிருப்பீர்கள்" என்பதுதான். அந்த ஐயம் தவறன்று. ஆனால் தமிழ்நாட்டில் அதற்கும் முன்னதாக ஒரு கேள்வி எழ வேண்டும்: இது சீலியாக் நோய்தானா?

பி.எஸ். ராமகிருஷ்ணாவும் உடன் ஆய்வாளர்களும் 23,331 பேரிடம் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுவான சான்று. அதன்படி வட இந்தியாவில் ஆயிரம் பேருக்கு 8.53 பேரிடம் இந்நோய் இருந்தது, தெற்கில் 0.11. நோய்க்கு இடமளிக்கும் மரபணு வகை வடக்கில் 38.1 விழுக்காட்டினரிடம், தெற்கில் 36.4 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. அதில் பெரிய வேறுபாடில்லை. கோதுமையில்தான் வேறுபாடு: வடக்கில் நாளுக்கு 455 கிராம், தெற்கில் 25 கிராம். ஆகவே நம்மிடையே மரபணு 'இருக்கிறது' என்ற அறிக்கை எதையும் நிறுவாது. 'இல்லை' என்ற அறிக்கையோ நோயை ஏறக்குறைய மறுத்துவிடும்.

குடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்வதும் சீலியாக் நோய்க்கே உரியதன்று. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஆராய்ந்த வெப்பமண்டல ஸ்ப்ரூ என்ற குடல் நோயிலும் அவை தேயும். அதற்கு மருந்து ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும். உணவுக் கட்டுப்பாடு அதைத் தீர்க்காது. ஜியார்டியா என்ற ஒட்டுண்ணித் தொற்றும் குடலைப் புண்ணாக்கும். இரத்தக் கொதிப்புக்குத் தரப்படும் ஓல்மிசார்ட்டனும் இதே தோற்றத்தைத் தரும் என்பது 2012-இல் வெளிப்பட்டது. மாத்திரைச் சீட்டைப் பார்க்காமல் நோயாளியின் தட்டை மட்டும் குறை கூறுவது எனக்கு உடன்பாடில்லை.

நோய் உறுதியான பிறகே அடுக்களைக்கு வர வேண்டும். கூட்டுப் பெருங்காயத்தில் மைதா சேர்வது பலருக்குத் தெரியாது. ஆனால் நான் அதைவிட அஞ்சுவது மாவு மில்லை. நாளுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் தொடர்ந்தால் குடல் கெடும் என்று 2007-இல் ஆய்வாளர் கட்டாசியின் குழுவினர் காட்டினர். அது ஒரு கிராமுக்கும் குறைவான கோதுமை மாவில் இருக்கும் அளவு. முன்னால் அரைத்தவரின் கோதுமை மாவு மில்லின் வாயில் அதைவிட மிகுதியாகவே ஒட்டியிருக்கும்; அடுத்து விழும் கேழ்வரகு மாவோடு அதுவும் வீட்டுக்கு வரும். சத்துமாவிலும் கோதுமை சேர்வதுண்டு. வீட்டில் ஊறவைத்து கிரைண்டரில் அரைத்த இட்லி மாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஓட்டலில் ரவா தோசை வார்த்த கல்லிலேயே சாதா தோசையும் வார்க்கிறார்கள்.

இவையெல்லாம் பார்த்த பின்னரே உணவுக்கு அடங்காத சீலியாக் நோய் என்ற முடிவுக்குப் போகலாம். அந்த நிலைக்குத் தரப்படும் ஸ்டீராய்டை அவசரப்பட்டுத் தொடங்கினால், உள்ளே ஒளிந்திருப்பது குடல் காசநோயாக இருக்கும்போது அது பரவ வழிவிட்டதாகும். பொறுமையும் வேண்டும்: பெரியவர்களுக்குக் குடல் ஆற ஆண்டுகள் ஆகும். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை ஆய்வில், இரண்டாண்டில் 34 விழுக்காட்டினருக்கே ஆறியிருந்தது, ஐந்தாண்டில் 66.

இது சீலியாக் நோய்தானா என்ற மறு ஆய்வுக்கு ஒரு தடை உண்டு. கோதுமையை நிறுத்தியபின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் மறைந்துவிடும். மீண்டும் சோதிக்க வாரக்கணக்கில் கோதுமை உண்ண வேண்டிவரும். அந்த வேதனையைத் தவிர்க்க, உணவை மாற்றும் முன் எடுத்த இரத்த அறிக்கையையும் திசு வில்லையையும் நோயாளியின் கையில் கொடுத்தனுப்ப வேண்டும்.