வினாத்தாளில் ஓர் எண்

பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வுக்கு அமரும் மாணவன் இரசாயன வினாத்தாளைக் கையில் எடுத்ததும், அதன் தலைப்பிலே மாறிலிகள் சில நிரலாக அச்சிடப்பட்டிருப்பதைக் காண்பான். அவற்றுள் ஒன்று அவகாதரோ மாறிலி. 12 கிராம் காபனில் அடங்கிய அணுக்களின் தொகை ஏறத்தாழ இதுவே. இதன் பெறுமானம் 6.022×10²³, அதாவது, ஆறு என்னும் இலக்கத்தின் பின் இருபத்துமூன்று சுழிகளை இட்டால் வரும் எண்ணுக்குச் சற்று மேற்பட்டது. மாணவன் அதனை எடுத்துப் பெருக்குகிறான், வகுக்கிறான், விடை கண்டு அடுத்த வினாவுக்குச் செல்கிறான். இன்று தரவாக நிற்கும் இவ்வெண்ணே ஒரு காலத்தில் வினாவாக இருந்தது. அதற்கு விடை கிடைக்கும்வரை, அணு என்பது உள்பொருளா, வெறுங் கற்பனையா என்பதிலே அறிஞர் உலகம் இரு கூறாகப் பிரிந்து நின்றது.

இத்தாலிய அறிஞர் அவகாதரோ, ஒரே வெப்பநிலையிலும் அமுக்கத்திலும் சம கனவளவுள்ள வாயுக்கள் யாவும் சம தொகையான மூலக்கூறுகளைக் கொண்டிருக்கும் என்று 1811இல் கூறினார். அத்தொகை எவ்வளவு என்பதை அவர் கூறவில்லை. கூற அன்று வழியும் இல்லை. அவர் கருத்து அரை நூற்றாண்டு காலம் பெரிதும் புறக்கணிக்கப்பட்டுக் கிடந்தது. 1860இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரிற் கூடிய இரசாயன மாநாட்டிலே அதனை மீண்டும் எடுத்து நாட்டியவர் கனிசாரோ. 1865இல் ஒஸ்திரிய அறிஞர் லோஷ்மிட், வளியின் மூலக்கூறு எத்துணைச் சிறியது என்பதை முதன்முதலாக மதிப்பிட்டார்.

எனினும் ஐயம் தீர்ந்தபாடில்லை. பௌதிக இரசாயனம் என்னும் துறையை நிறுவியோருள் தலைசிறந்தவரான வில்ஹெல்ம் ஒஸ்ட்வால்டே அணுவை ஏற்க மறுத்தார். கண்ணாற் காணவியலாத துணிக்கைகளை விடுத்துச் சக்தி ஒன்றைக் கொண்டே இயற்கையை விளக்கிவிடலாம் என்பது அவர் கொள்கை. 1895இல் லூபெக் நகரில் நடந்த கூட்டத்தில், அணுக்கொள்கையின் பெருங் காவலராகிய லுட்விக் போல்ட்ஸ்மான் அவரை எதிர்த்து வாதிட்டார். வாதம் தொடர்ந்தது. நோயும் மனச்சோர்வும் வாட்ட, போல்ட்ஸ்மான் 1906இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் கொள்கைக்கு வெற்றி தேடித்தந்த சான்று அப்பொழுது மிக அணித்தே வந்துகொண்டிருந்தது.

1895இல், தம் பதினாறாம் வயதில், சூரிச் தொழினுட்பக் கல்லூரியின் புகுமுகத் தேர்வெழுதித் தேறாத இளைஞர் அல்பேர்ட் ஐன்ஸ்டைன். கணிதத்திலும் பௌதிகத்திலும் நன்றாகச் செய்தும், ஏனைய பாடங்கள் அவரைக் கைவிட்டன. அவரே 1905இல் இரு வழிகளை வகுத்தார். ஒன்று, சீனி கரைந்த நீரின் பாகுத்தன்மையையும் சீனி நீரிற் பரவும் வேகத்தையும் கொண்டு மூலக்கூறுகளை எண்ணுவது. மற்றொன்று, நீரில் மிதக்கும் நுண்டுகள்கள் ஓயாது அலையும் பிரௌணியன் அசைவைக் கொண்டு எண்ணுவது.

பாரிஸ் நகரில் ழான் பெரின் இதனைப் பரிசோதனையிலே காட்டினார். அவர் கையாண்ட பொருள் ஓவியர் பயன்படுத்தும் மஞ்சட் பிசின். இலங்கையிலே மீன் கறிக்கு இடும் கொறுக்காயின் இனத்தைச் சேர்ந்த மரத்திலிருந்து வடிவது அது. ஒரு கிலோகிராம் பிசினை நீரிற் கரைத்துச் சுழற்றிப் பிரித்து, பல மாதங்கள் உழைத்ததன் பின், ஒரே பருமனுள்ள மணிகளாக அவருக்குக் கிடைத்தது ஒரு கிராமிலும் குறைந்த அளவே. அத்தகைய மணிகளை நீரில் மிதக்கவிட்டு, நுணுக்குக்காட்டியின் கீழ் வெவ்வேறு உயரங்களில் எண்ணினார். ஒரு தொடரில் மட்டும் எண்ணப்பட்டவை 13,000 மணிகள். உயரம் 30 மைக்குரோன் கூடுந்தோறும் மணிகளின் தொகை 100, 47, 22.6, 12 என்று குறைந்து சென்றது.

இவ்வெண்களை ஒரு தேர்வு வினாவாகவே கொள்ளலாம். தொகை ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழப் பாதியாகிறது. மூன்று முறை பாதியானால் 100 என்பது 12.5 ஆகும், பெரின் கண்டது 12. கதிர்வீசும் மூலகத்தின் அரைவாழ்வுக் காலத்தையும், முதல்வரிசைத் தாக்கத்தின் வேகத்தையும் மாணவன் கணிப்பது இதே விதியைக் கொண்டுதான். வளிமண்டலத்தில் அமுக்கம் பாதியாக ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீற்றர் ஏறவேண்டும். பிசின் மணிகளுக்கோ 30 மைக்குரோன் போதும். இவ்விரு உயரங்களின் விகிதம் ஏறத்தாழ 18 கோடி. ஆகவே, நீரின் மேலுதைப்பைக் கழித்தபின், ஒரு மணியின் நிறை ஒரு வளி மூலக்கூற்றின் நிறையைப்போல் 18 கோடி மடங்காகும். மணியின் நிறையை அளக்கலாம். அளந்தால் மூலக்கூற்றின் நிறை தெரியும். அது தெரிந்தால் அவகாதரோவின் எண்ணும் தெரியும். பெரின் பெற்ற விடை ஏறத்தாழ 7×10²³.

வேறு வழிகளில் வந்தோரும் அதே இடத்தையே அடைந்தனர். சூடான பொருளின் கதிர்வீச்சை ஆராய்ந்த மக்ஸ் பிளாங்க் 1900இலேயே 6.175×10²³ என்று கண்டிருந்தார். சிக்காகோவில் மில்லிக்கன் எண்ணெய்த் துளிகளைக் கொண்டு இலத்திரனின் ஏற்றத்தை அளந்தார். ஒரு மூல் வெள்ளியைப் படியவைக்க வேண்டிய 96,485 கூலோம் மின்னை அவ்வேற்றத்தால் வகுக்க, 1913இல் வந்த விடை 6.06×10²³.

ஐன்ஸ்டைனின் சீனிக் கணக்கு மட்டும் பொருந்தவில்லை. அவர் முதலிற் பெற்றது 2.1×10²³. பெரினின் ஆய்வுகூடத்தில் பான்சலின் அச்சூத்திரத்தைச் சோதித்தபோது அது அளவீட்டோடு முரண்பட்டது. ஐன்ஸ்டைன் தம் மாணவர் ஹொப்பை மீளச் சரிபார்க்கும்படி வேண்ட, கணிப்பிலே பிழை இருந்தமை வெளிப்பட்டது. திருத்திய கணக்கு 1911இல் 6.56×10²³ என்ற விடையைத் தந்தது. தனித்து நின்றிருந்தால் அப்பிழை நெடுங்காலம் மறைந்திருக்கும். பிற வழிகளின் விடைகள் அருகில் இருந்தமையாலேயே அது அகப்பட்டது.

ஒஸ்ட்வால்ட் பெருந்தகைமையோடு தம் தோல்வியை ஏற்றார். 1909இல் வெளிவந்த தம் பாடநூற் பதிப்பின் முன்னுரையிலே, பொருள்கள் துணிக்கைகளால் ஆனவை என்பதற்குப் பரிசோதனைச் சான்று கிடைத்துவிட்டதென்று எழுதினார். பெரினுக்கு 1926இல் நொபெல் பரிசு கிடைத்தது. 2019 மே 20 முதல் அவகாதரோ மாறிலி 6.02214076×10²³ என்று வரைவிலக்கணமாகவே நிலைபெற்றுள்ளது. இனி அதை அளக்க வேண்டியதில்லை.

அறிஞரை ஒருமுகப்படுத்தியது தனியொரு சோதனையன்று. சீனிக்கரைசல், பிசின் மணி, எண்ணெய்த் துளி, சுடர்க்கதிர் என ஒன்றோடொன்று தொடர்பற்ற வழிகள் ஒரே எண்ணில் வந்து கூடியமையே அவர்தம் ஐயத்தைப் போக்கியது. தேர்வு மண்டபத்தில் இருக்கும் மாணவனுக்கும் இஃது உதவும். ஒரு விடையைக் கண்டபின் நேரமிருப்பின் வேறொரு வழியாலும் அதனை அணுகிப் பார்த்தல் வேண்டும். இரு வழியும் கூடினால் விடையை நம்பலாம். கூடாவிடின் எங்கோ ஒரு பிழை காத்திருக்கிறது. அதைத் தேடத் துணிபவனே சூத்திரத்தை மனனம் செய்த நிலையைக் கடந்து விஞ்ஞானத்தின் வாயிலில் அடிவைக்கிறான்.