இருபத்தோர் இலக்க எண் ஒன்றின் வரலாறு: மெர்சென் முதல் கோல் வரை

முன்னுரை

இரண்டின் 67ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் 147,573,952,589,676,412,927 என்னும் எண் கிடைக்கும். பிரெஞ்சுத் துறவி மரேன் மெர்சென் 1644இல் வெளியிட்ட பட்டியலில், அடுக்கெண் 67க்கு உரிய இவ்வெண் பகா எண்ணாகக் குறிக்கப்பெற்றது. அப்பட்டியல் 67, 257 ஆகிய அடுக்குகளைத் தவறாகச் சேர்த்தும் 61, 89, 107 ஆகியவற்றை விடுத்தும் அமைந்திருந்தது எனப் பிற்கால ஆய்வுகள் நிறுவின.

லூக்காஸின் முடிவு

1876இல் எதுவார் லூக்காஸ் இவ்வெண் பகு எண் என அறிவித்தார். அதன் காரணி எதையும் அவர் தரவில்லை. பின்னர் லேமர் செம்மைப்படுத்திய வடிவில் அவரது சோதனை பின்வருமாறு அமையும். நான்கில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் எண்ணை வர்க்கப்படுத்தி இரண்டைக் கழித்து, சோதிக்கப்படும் எண்ணால் வகுத்து மீதியைக் கொள்ள வேண்டும். 65 படிகளின் முடிவில் மீதி சுழியமானால் எண் பகா எண். அன்றேல் பகு எண்.

இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. கைக்கணக்கில் பிழை நேரினும் இறுதி மீதி பெரும்பாலும் சுழியம் ஆகாது. ஆகவே சுழியம் தன்னைத் தானே உறுதிப்படுத்தும். சுழியமல்லாத மீதியோ கணித்தவர் மீதான நம்பிக்கையை வேண்டி நிற்கும்.

கோலின் காரணிகள்

1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடைபெற்ற அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் பிராங்க் நெல்சன் கோல் இவ்வெண்ணை 193,707,721 × 761,838,257,287 எனப் பகுத்துக் காட்டினார். அவர் ஒரு சொல்லும் பேசாது கரும்பலகையில் பெருக்கிக் காட்டினார் என்பதும், இப்பணிக்கு மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் தேவைப்பட்டன என்பதும் எரிக் டெம்பிள் பெல் 1951இல் வெளியிட்ட நூலால் பரவியவை. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் எழுதப்பட்ட செய்திகளாதலின் அவற்றை அவ்வளவிலேயே கொள்வது தகும்.

உழைப்பின் அளவை எண்ணே உணர்த்துகிறது. இதன் காரணிகள் யாவும் 134இன் மடங்கைவிட ஒன்று மிகுந்தவை; எட்டால் வகுக்க 1 அல்லது 7 மீதி தருபவை. சிறிய காரணி 134இன் 1,445,580ஆம் மடங்கை அடுத்து வருகிறது. இரண்டாம் நிபந்தனை பாதியை நீக்கிய பின்னும் அதற்கு முன் ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்ட எண்கள் எஞ்சுகின்றன. அவற்றுள் பகு எண்களைக் களைந்தாலும், வரிசையாக வகுத்துப் பார்ப்பது ஒருவரது கைக்கு எளிதன்று. கோல் இருபடி எச்சங்களைக் கொண்டு தேடலைச் சுருக்கினார்.

முடிவுரை

லூக்காஸ் எண்ணின் தன்மையை அறிந்தார். கோல் அதன் உறுப்புகளை அறிந்தார். முன்னதைச் சரிபார்க்க 65 படிகளையும் மீண்டும் கணிக்க வேண்டும். பின்னதற்கு ஒரு பெருக்கல் போதும். கண்டறிதல் அரிதாகவும் சரிபார்த்தல் எளிதாகவும் அமையும் இவ்வேறுபாட்டின் மீதே, 1977இல் உருவான ஆர்எஸ்ஏ மறையீட்டு முறையும் நிற்கிறது. ஒரு கணித முடிவின் மதிப்பு அதன் உண்மையில் மட்டுமன்றி, பிறர் அதனைச் சோதித்தறியும் எளிமையிலும் உள்ளது என்பதற்கு இவ்வெண்ணின் வரலாறு தக்க சான்றாகும்.