நொதியின் ஆயுளும் மருந்தின் வாழ்வும்: எஃப்ளோர்னித்தின் மறுபயன் வரலாறு

ஒரு நோய்க்காக உருவாக்கப்பட்ட மருந்து வேறொரு நோய்க்குப் பயன்பட்ட வரலாறுகளைப் பெரும்பாலும் தற்செயல் கதைகளாகவே சொல்லிவருகிறோம். எஃப்ளோர்னித்தின் அந்தச் சட்டகத்தில் அடங்காது. புற்றுநோய்க்கென உருவாகி, ஆப்பிரிக்கத் தூக்க நோயைக் குணப்படுத்தி, பெண்களின் முகத்தில் வளரும் முடியைக் கட்டுப்படுத்தும் களிம்பாகி, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் மீண்டும் புற்றுநோய்க்கே திரும்பிய மருந்து இது. எல்லா இடங்களிலும் அது தடுப்பது ஒரே நொதியைத்தான். உயிரணு அந்த நொதியை எவ்வளவு விரைவில் சிதைத்துப் புதிதாக ஆக்கிக்கொள்கிறது என்பதே ஒவ்வொரு கட்டத்திலும் மருந்தின் வெற்றி தோல்வியைப் பெரிதும் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் வாதம். நோயாளியின் கைக்கு அது எட்டியதா என்பதைத் தீர்மானித்தவை வேறு.

அந்த நொதியின் பெயர் ஆர்னிதின் டிகார்பாக்சிலேஸ். ஆர்னிதின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து புட்ரெசின் என்ற சிறு மூலக்கூறை இது உண்டாக்குகிறது. அதிலிருந்து ஸ்பெர்மிடின், ஸ்பெர்மின் ஆகியவை பிறக்கின்றன. பாலிஅமீன்கள் எனப்படும் இவை இல்லாமல் உயிரணு பெருகாது. வேகமாகப் பெருகும் புற்றணுக்களில் இந்நொதியின் செயல்பாடு மிகுந்திருப்பதைக் கண்ட பின், அதைத் தடுத்தால் புற்றுநோயை அடக்கலாம் என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது.

பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரிலிருந்த மெரல் நிறுவன ஆய்வு மையத்தில் பிரையன் மெட்காஃபும் உடன் பணியாற்றியவர்களும் இதற்கான சேர்மங்களை வடிவமைத்து 1978-இல் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றுள் ஒன்றான டைஃபுளோரோமெத்தில்ஆர்னிதின்தான் பின்னாளில் எஃப்ளோர்னித்தின் ஆனது. ஆர்னிதினைப் போலவே இருப்பதால் நொதி இதையும் ஏற்றுக்கொள்கிறது. வழக்கம்போல் வினையைத் தொடங்குகிறது. பாதி வழியில் ஒரு ஃபுளோரின் அணு கழல, எஞ்சிய துண்டு நொதியின் சிஸ்டீன் ஒன்றோடு நிரந்தரமாகப் பிணைந்துவிடுகிறது. தன் வினையாலேயே நொதி அழிவதால் இத்தகைய சேர்மத்தைத் தற்கொலைத் தடுப்பான் என்பர். வேதியியல் வடிவமைப்பாக இன்று படித்தாலும் வியக்கவைக்கும் வேலை அது.

ஆனால் புற்றுநோயில் அது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. பாலூட்டிகளின் உயிரணுக்களில் இந்நொதி அரை மணி நேரம்கூட நிலைப்பதில்லை. சிதைந்துகொண்டே இருக்கிறது, புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கிறது. மருந்து ஒரு தொகுதியை அழித்தாலும் அடுத்தது வந்துவிடும். போதாக்குறைக்குப் புற்றணு வெளியிலிருந்தும் பாலிஅமீனை இழுத்துக்கொள்ளும். கட்டியின் வளர்ச்சி சற்றுத் தளர்ந்ததே தவிர, கட்டி அழியவில்லை. நீண்ட நாள் உட்கொண்ட சிலருக்குக் காது மந்தமானது.

மருந்து அத்தோடு அலமாரிக்குப் போயிருக்கலாம். நியூயார்க்கின் பேஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சைரஸ் பாக்கி, டிரிப்பனோசோம் என்னும் ஒட்டுண்ணியின் பாலிஅமீன்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். செட்சி ஈ கடிப்பதால் பரவும் தூக்க நோய்க்குக் காரணமான இனம் அது. மெரல் நிறுவனத்தின் பீட்டர் மெக்கேனும் சேர்ந்து எழுதிய 1980-ஆம் ஆண்டுக் கட்டுரையில், தொற்றுக்கு ஆளான எலிகளின் குடிநீரில் இம்மருந்தைக் கலந்து கொடுத்தபோது அவை குணமடைந்ததாகப் பாக்கி குழு தெரிவித்தது. இதைத் தற்செயல் என்று நான் கருதமாட்டேன். நொதி எங்கெல்லாம் இன்றியமையாதது என்று தேடிய ஒருவர், அதற்கான தடுப்பான் ஏற்கெனவே இருப்பதை அறிந்து கேட்டு வாங்கினார். மறுபயன் ஆய்வின் முறையே இதுதான்.

மனிதனுக்கும் ஒட்டுண்ணிக்கும் பொதுவான நொதியைத் தடுக்கும் மருந்து, ஒட்டுண்ணியை மட்டும் எப்படி வீழ்த்துகிறது? 1987-இல் மார்கரெட் பிலிப்ஸும் அவருடைய சகாக்களும் டிரிப்பனோசோமில் இந்நொதிக்கான மரபணுவை வரிசைப்படுத்திப் பார்த்தபோது விடையின் முக்கியப் பகுதி கிடைத்தது. எலியின் நொதியில் வால்முனையில் உள்ள 36 அமினோ அமிலங்கள் ஒட்டுண்ணியின் நொதியில் இல்லை. உயிரணுவின் சிதைக்கும் பொறி அடையாளம் காண்பது அந்த வாலைத்தான். வால் இல்லாததால் ஒட்டுண்ணியின் நொதி நெடுநேரம் வாழ்கிறது. மருந்து ஒருமுறை அழித்துவிட்டால் விரைவில் ஈடுகட்ட முடிவதில்லை. மேலும், டிரிப்பனோதயோன் என்ற காப்பு மூலக்கூறை உண்டாக்கவும் அதற்கு ஸ்பெர்மிடின் வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்காவின் ரோடிசியென்ஸ் வகையில் நொதி விரைவாகப் புதுப்பிக்கப்படுகிறது. அவ்வகை நோய்க்கு இம்மருந்து சரிவரப் பலிப்பதில்லை. மேற்கு, நடு ஆப்பிரிக்காவின் காம்பியென்ஸ் வகைக்கே பலித்தது.

1980-களின் முதற்பாதியில் தெற்கு சூடானில் நோயாளிகளுக்கு இது கொடுக்கப்பட்டது. நோய் மூளையை எட்டிவிட்டால் அதுவரை இருந்த முதன்மை மருந்து மெலார்சோப்ரோல், அதாவது ஆர்செனிக் சேர்மம். ஊசி ஏறும்போதே சிரையில் தீ பாய்வதுபோல் எரியும். பெற்றுக்கொண்டவர்களில் 5 முதல் 10 விழுக்காட்டினருக்கு மூளை பாதிக்கப்பட்டு, அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் மருந்தாலேயே இறந்தனர். அந்தப் பின்னணியில், நினைவிழந்து கிடந்தவர்களும் எழுந்து உட்காரக் கண்டவர்கள் எஃப்ளோர்னித்தினை உயிர்த்தெழுப்பும் மருந்து என்றே அழைத்தனர். 1990-இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இதற்கு ஒப்புதல் அளித்தது.

ஆனால் மருந்தைக் கொடுப்பது எளிதாக இல்லை. சிறுநீரகம் அதை விரைவில் வெளியேற்றிவிடும். எனவே ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, 14 நாள், மொத்தம் 56 முறை சிரை வழியே ஏற்றவேண்டும். 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 20 கிராம். மின்சாரமும் செவிலியரும் அரிதான காங்கோ, அங்கோலா கிராம மருத்துவமனைகளில் இது எத்தகைய சுமை என்று சொல்லவேண்டியதில்லை. வாங்கும் திறனுள்ள சந்தையும் இல்லை. 1990-களின் நடுப்பகுதியில் உற்பத்தி நின்றது. அதே பத்தாண்டில்தான் நோய் மீண்டும் தலைதூக்கி, 1998-இல் பதிவான நோயாளிகள் மட்டும் ஏறத்தாழ 40,000 பேராயினர். மருந்து இருந்தும், அது பலிக்கும் என்று தெரிந்திருந்தும், ஆர்செனிக்கையே ஏற்றிக்கொள்ள வேண்டிய நிலைக்கு அவர்கள் தள்ளப்பட்டதை இவ்வரலாற்றின் மிகக் கொடிய பகுதியாக நான் கருதுகிறேன்.

இதற்கிடையே மயிர்க்கால்களிலும் இந்நொதி வேண்டியிருப்பதை அடிப்படையாகக் கொண்டு, முகமுடி வளர்ச்சியைக் குறைக்கும் 13.9 விழுக்காடு களிம்பு உருவானது. பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப், ஜில்லெட் நிறுவனங்களின் வானிகா என்ற இக்களிம்புக்கு 2000-இல் ஒப்புதல் கிடைத்தது. அழகுக்கு மருந்து உண்டு, உயிருக்கு இல்லை என்ற நிலை உலகின் கண்ணில் பட்டது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் தொடர்ந்து அழுத்தம் கொடுக்க, 2001-இல் மருந்தின் உரிமை அப்போது கைவசமிருந்த அவென்டிஸ் நிறுவனம் அதை இலவசமாக வழங்கவும், நோய்த் தடுப்புப் பணிக்கு ஐந்தாண்டுகளில் 2.5 கோடி டாலர் தரவும் ஒப்புக்கொண்டது.

அடுத்த முன்னேற்றமும் மறுபயனே. தென் அமெரிக்கச் சாகஸ் நோய்க்கான நிஃபுர்டிமாக்ஸ் மாத்திரையை எஃப்ளோர்னித்தினோடு சேர்த்தபோது 56 ஏற்றல்கள் 14 ஆகக் குறைந்தன. ஊசி ஏற்றும் காலம் 14 நாளிலிருந்து 7 நாளாகியது. 287 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2009-இல் வெளியானது. அதே ஆண்டில் இக்கூட்டுச் சிகிச்சை உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்றது. கைவிடப்பட்டிருந்த ஃபெக்ஸினிடசோல் மாத்திரையாக மீட்கப்பட்டு 2018-இல் ஐரோப்பிய மருந்து முகமையின் ஆதரவுக் கருத்தைப் பெற்றபின், ஊசியின் தேவை கடுமையான நிலையில் உள்ளவர்கள் போன்ற சிலரோடு சுருங்கிவிட்டது.

புற்றுநோய்க் கதைக்கு 2023 டிசம்பரில் இரண்டாம் தொடக்கம் வாய்த்தது. குழந்தைகளைத் தாக்கும் நியூரோபிளாஸ்டோமாவின் தீவிர வகையில், முந்தைய சிகிச்சைக்கு ஓரளவேனும் பலன் கண்டவர்களுக்கு நோய் திரும்பாமல் காக்க எஃப்ளோர்னித்தின் மாத்திரைக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. இக்கட்டிகள் பலவற்றில் மிகையாகும் எம்ஒய்சிஎன் மரபணு, இந்நொதியின் மரபணுவையும் முடுக்கிவிடுகிறது. கட்டியை அழிக்க முடியாத மருந்து, எஞ்சிய சில அணுக்கள் மீண்டும் பெருகாமல் அடக்கும் என்பது தர்க்கமாகவே இருக்கிறது. எனினும் ஒப்பீட்டுக் குழு வெளியிலிருந்து எடுக்கப்பட்டதால், சமவாய்ப்பு முறையில் பிரித்து நடத்திய சோதனைக்குரிய உறுதியை இச்சான்றுக்கு அளிக்க இயலாது.

நொதியின் ஆயுளே முதன்மை என்ற வாதத்துக்கு மிக நேரான சான்று, 2018-இல் விவரிக்கப்பட்ட பாக்மன்-பப் நோய்க்கூட்டிலிருந்து வருகிறது. மிக அரிதான இந்நிலையில் பிறக்கும் குழந்தைகளின் மரபணுத் திரிபு, இதே நொதியின் வால்முனையைத் துண்டித்துவிடுகிறது. சிதையாமல் தங்கும் நொதி பாலிஅமீன் பெருக்கத்தை உண்டாக்க, வளர்ச்சி தாமதமாகிறது. தலையிலும் புருவத்திலும் முடி இருப்பதில்லை. ஒட்டுண்ணிக்கு இயற்கையாக அமைந்த குறை மனித நொதிக்கு நேர்ந்திருக்கிறது என்பதால், எந்த மருந்தைத் தேடவேண்டும் என்பதில் ஆய்வாளர்களுக்கு ஐயமில்லை. மிச்சிகனில் எஃப்ளோர்னித்தின் கொடுக்கப்பட்ட முதல் குழந்தைக்கு முடி வளர்ந்தது. உடலசைவுகளிலும் முன்னேற்றம் தெரிந்தது. களிம்பாக முடியைத் தடுத்த அதே மூலக்கூறு இங்கே முடியை வளர்த்தது.