கலகலாவும் கம்பு பிஸ்கட்டும்

எங்கள் குழு பிஸ்கட் போட ஆரம்பித்த வரலாறை மலருக்கு எழுதச் சொன்னார்கள். அதை எங்க அத்தை காலத்தில் இருந்துதான் தொடங்கணும்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் மானாவாரி பூமி. கம்பு, சோளம், குதிரைவாலிதான் நம்ம தானியம். கோதுமை வெளியூர்ச் சரக்கு. 1956-ல் அமெரிக்காவோடு ஒப்பந்தம் போட்டுக் கப்பல் கப்பலாக நாட்டுக்குள் இறக்கினார்கள். அத்தை சின்ன வயசில் காய்ச்சல்காரருக்குக் கஞ்சி வைக்கத்தான் கோதுமையைப் பார்த்தார்களாம். கடைக்கு மைதா வந்த பிறகுதான் தீபாவளிக்கு வெட்டுக் கலகலா. மாவைத் தேய்த்து, சோமாஸ் கரண்டியால் வெட்டி, எண்ணெயில் பொரிப்பது. கிறிஸ்தவர் வீட்டில் கிறிஸ்துமஸுக்கும் இதுதான். வெட்டு பிஸ்கட்டும் அதே கைவேலைதான், எண்ணெய்க்குப் பதில் சூட்டில் வேகுது, அவ்வளவுதான்.

1989-ல் தர்மபுரியில் தொடங்கிய குழு முறை, 1997-98-ல் மகளிர் திட்டமாகி மாநிலம் முழுக்க வந்தது. நான் கல்யாணமாகி வந்து சேர்ந்தேன். 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் எங்கே பார்த்தாலும் கம்புப் பேச்சு. நாங்கள் நாலு பேர் கம்பு பிஸ்கட்டில் இறங்கினோம்.

தேய்த்தால் மாவு வெடித்தது. கோதுமையின் இழுவை கம்புக்குக் கிடையாது. பாதிக்குப் பாதி கோதுமை மாவு கலந்து, ரெண்டு எண்ணெய்க் கவருக்கு நடுவில் வைத்துத் தேய்த்து, டம்ளர் வாயால் வெட்டினோம். சரியாக வந்தது.

அப்புறம் ஒரு காதுகுத்துக்கு 5 கிலோ ஆர்டர். மில்லுக்கு அலையணுமே என்று 15 நாள் முன்னாடியே கம்பை மொத்தமாக அரைத்து வைத்துவிட்டோம். பிஸ்கட் பார்க்க அழகு. வாயில் போட்டால் கசப்பு! அந்த வீட்டு அக்கா ஒன்றும் சொல்லாமல் தட்டைத் தள்ளி வைத்தது இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. குழுக் கடன் 1,500 ரூபாயை நாலு பேரும் பிரித்துக் கட்டினோம்.

அத்தைதான் சொன்னார்கள்: "கம்பு மாவை யாருத்தா இத்தனை நாள் வைப்பா? நாங்க அன்னன்னைக்கு இடிச்சது வேலை இல்லாமலா?"

கம்பில் எண்ணெய்ச் சத்து அதிகம். தானியமாக இருந்தால் மாசக்கணக்கில் கெடாது. மாவாக்கிவிட்டால் சில நாளிலேயே சிக்கு வாடை அடித்துக் கசந்துரும். மில் வந்து உரல் போனது நல்லதுதான், அத்தை தோள்வலியைப் பார்த்தாலே தெரியும். ஆனால் இந்தச் சங்கதியும் உரலோடு போய்விட்டது, எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இப்போ ஆர்டர் வந்த பிறகுதான் கம்பை வறுத்து அரைக்கிறோம். அடுப்பு இன்னும் மணல் சட்டிதான், ஒரு ஈட்டுக்கு 12 பிஸ்கட். ஓவனுக்குக் கடன் கேட்டுத் தீர்மானம் போட்டாச்சு. அதே காதுகுத்து வீட்டு அக்கா போன மாசம் 2 கிலோ கேட்டாங்க. அத்தை முதல் பிஸ்கட்டைக் கடிச்சுப் பார்த்து, "குடு" என்ற பிறகுதான் கட்டிக் கொடுத்தோம்.