சர் வேறு, சார் வேறு

மேனேஜரும் சார், ஆட்டோக்காரர் நம்மளைக் கூப்பிடறதும் சார். ஆனா 'சர்' வேற மேட்டர். ராஜா கொடுக்கணும், சொந்தப் பேருக்கு முன்னாடி ஒட்டிக்கும்.

அதை உதறினவர்னா தாகூர்தான் (1919) எல்லாருக்கும் ஞாபகம் வருவார். நம்ம மயிலாப்பூர் எஸ். சுப்பிரமணிய ஐயர் அதுக்கு ஒரு வருஷம் முந்தி! சென்னை உயர் நீதிமன்றத்தில் தற்காலிகத் தலைமை நீதிபதியாக இருந்து ரிட்டயர் ஆனவர். 1917 ஜூனில் அன்னி பெசன்ட்டை அரசு காவலில் வைத்ததும், சுயாட்சிக்கு ஆதரவு கேட்டு அமெரிக்க அதிபர் வில்சனுக்கே கடிதம் எழுதிவிட்டார். (எவ்வளவு துணிச்சல் பாருங்க, உலகப்போர் நடக்குது!) 1918-ல் லண்டன் பாராளுமன்றத்தில் மந்திரி மாண்டேகு அந்தக் கடிதத்தைக் கேவலமானதுன்னு கண்டித்தார். பெரியவர் 'சர்', 'திவான் பகதூர்' ரெண்டையும் துறந்துட்டார். அப்போ அவருக்கு வயசு 75.